தங்கச்சியின் ஊரில் மைனஸ் பதினைந்து

நானும் தங்கச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கொரிய மொழி படித்தோம். அவள் என் நோட்டைப் பார்த்து எழுதுவாள். காது கொடுத்துக் கேட்டுப் பழகுவதற்காக எங்கள் பர்மிய டீச்சர், ஸயாமா என்போம், வானிலை அறிக்கையைப் போட்டுவிடுவார். செய்தி வாசிப்பவர்கள் அவசரமில்லாமல் பேசுவார்கள், சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வரும், படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை என்பார். கொரிய மொழியில் கண்ணுக்கும் வானத்திலிருந்து விழும் பனிக்கும் ஒரே சொல். முதல் வாரம் நான் எழுந்து நின்று, "மாலையில் மலைப்பகுதியில் லேசான கண் விழும்" என்று மொழிபெயர்த்ததில் வகுப்பே சிரித்தது. ஒரு வருஷம் கழித்து முழு அறிக்கையையும் அந்த வாசிப்பாளரின் குரலிலேயே என்னால் ஒப்பிக்க முடிந்தது.

இரண்டு பேரும் தேர்வில் பாஸானோம். எனக்கு நல்ல மதிப்பெண், அவளுக்குத் தட்டுத்தடுமாறி. எங்களுக்குக் கொரியாவில் வேலைக்கு அழைப்பு வருவதற்குள் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது. என் வயதுக்காரர்களைப் பிடித்துக் கட்டாயமாகப் பர்மியப் படையில் சேர்க்கும் காலம். தங்கச்சிக்கு மட்டும் அழைப்பு வந்தது. ஒரு கிராமத்தில், பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டத்தில் கீரை பறிக்கும் வேலை.

அவள் கிளம்பிய அன்று பெட்டியை ஆறாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை நான் தூக்கி வந்தேன். அதற்குக் கீழே அம்மா விடவில்லை. தெருமுனையில் யாரோ வண்டியை நிறுத்தி இளவட்டங்களை விசாரிக்கிறார்கள் என்று காலையிலேயே பேச்சு அடிபட்டிருந்தது. "போய்ட்டு வர்றேன் அண்ணே" என்று அவள் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. இவளுக்கு இரண்டு வாக்கியம் ஒழுங்காகப் பேசத் தெரியாதே, இவள் போகிறாளே என்றுதான் தோன்றியது. அதை இன்று வரை அவளிடம் சொன்னதில்லை.

அதன்பிறகு எங்கள் பேட்டையான போட்டாதாங்கில் அந்த ஆறாம் மாடியே என் உலகம். லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து கயிறு தொங்கும். கீழே காய்கறிக்காரம்மா பையைக் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வேன். அம்மா ரவிக்கை தைப்பார். நான் செல்போனில் கொரிய வகுப்பு எடுத்தேன். மாணவர்கள் எல்லோரும் பெண்கள். "ஸயா, எனக்கு அழைப்பு வந்துவிட்டது" என்று மாதம் ஒருத்தியாவது சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போவாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு அந்த இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வேன்.

கரண்ட்டை எங்கள் வீட்டில் "மீ" என்றுதான் சொல்வோம். காலையில் மீ இருந்தால் முதல் வேலையாகத் தங்கச்சி இருக்கும் மாவட்டத்தின் வானிலை அறிக்கையைத் திறந்து வாசிப்பேன். அவளுக்கு அதைப் படிக்க நேரமும் இல்லை, பாதி புரியாது. நான் தமிழில் பேசிக் குரல்பதிவாக அனுப்புவேன். அம்மா தையலை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"என்ன சொல்றான் இன்னைக்கு?"

"லேசா பனி பெய்யுமாம்."

"பனிதானே. தலையில துண்டைக் கட்டிக்கச் சொல்லு."

அம்மாவுக்குப் பனி என்றால் மார்கழியில் ஆற்றின் மேல் நிற்கும் வெள்ளைப் புகை. பர்மிய மொழியிலும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். இது வேறு பனி, அம்மா, தரையில் கட்டிப்போகும், குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நானே பார்த்ததில்லை என்பதால் என் விளக்கத்தில் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை.

தை மாதம் பிறந்து சில நாள் இருக்கும். அன்று அறிக்கையில் கடுங்குளிர் எச்சரிக்கை இருந்தது. மாலை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை லேசான பனிப்பொழிவு, மறுநாள் விடியலில் மைனஸ் பதினைந்து, காற்றோடு சேர்ந்து இன்னும் குறைவாகத் தெரியும். நான் அனுப்பிய பத்து நிமிஷத்தில் தங்கச்சியின் பதில் வந்தது. மூக்கடைத்த குரல்.

"அண்ணே, ரூம்ல ஹீட்டர் ரெண்டு நாளா ஓடல. சுவிட்சப் போட்டா டப்புனு அணைஞ்சுபோகுது. நானும் கூட வேலை செய்யற கம்போடியா அக்காவும் இருக்கற சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு ஒண்ணாப் படுத்துக்கறோம். தண்ணியும் வரல. முதலாளியம்மாகிட்ட குளிருதுனு சொன்னேன். ஆமா, குளிர்காலம்னா குளிரத்தான் செய்யும்னு சிரிச்சிட்டுப் போய்ட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாத."

அவர்களுடைய அறை இரும்புக் கண்டெய்னர். அதன் மேல் பிளாஸ்டிக் கூடாரம். படம் அனுப்பியிருந்தாள். குளிருகிறது என்ற ஒரு சொல்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. என் நோட்டில் இருந்த வாக்கியம் அது.

முதலாளியம்மாவின் எண்ணை அவள் முன்பே கொடுத்திருந்தாள். நான் அதை அழுத்தும்போது மீ போய்விட்டது. மீ போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். பால்கனி, சமையலறை ஜன்னல், மொட்டைமாடிப் படி எல்லா இடத்திலும் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. மீ திரும்பி வர மாலையாகும். அங்கே நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. மாலை என்றால் அங்கே பனி விழத் தொடங்கியிருக்கும், முதலாளியம்மா டவுனில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருப்பார்.

நான் சட்டையை மாட்டியதும் அம்மா எழுந்துவிட்டார்.

"எங்க போற?"

"டீக்கடைக்கு. அங்க ஜெனரேட்டர் ஓடுது, வைஃபை இருக்கும்."

"வேணாம் தம்பி. பட்டப்பகல்ல."

தங்கச்சி சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். அம்மா அந்தக் குரல்பதிவை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "நான் முன்னால போறேன். நான் நின்னா நீயும் நில்லு. உள்ள எங்கயாவது புகுந்துக்கோ."

எட்டு மாதம் கழித்துத் தெருவில் கால் வைத்தேன். வெயிலில் கண் கூசியது. அம்மா இருபதடி முன்னால் காலிப் பையை வீசிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். இரண்டாவது சந்து முனையில் சட்டென்று நின்று குனிந்து செருப்பைச் சரிசெய்தார். நான் பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டுக்குள் புகுந்தேன். உள்ளே ஒரு பர்மியப் பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, "தண்ணிக் கேன் வண்டிதான். வா" என்றார்.

டீக்கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்றாவது முயற்சியில் அழைப்புப் போய்ச் சேர்ந்தது. ஒரு வயதான பெண் குரல், "யாரு?" என்றது.

தேர்வுக்குப் படித்த கொரிய மொழி முழுவதும் அந்த நொடியில் எங்கோ போய்விட்டது. வாயில் வந்தது வானிலை அறிக்கைதான். அதே குரலில் சொன்னேன்: "தங்கள் மாவட்டத்தில் இன்று மாலை முதல் லேசான பனிப்பொழிவு இருக்கும். நாளை காலை வெப்பநிலை மைனஸ் பதினைந்து டிகிரியாகக் குறையும்."

அந்தப் பக்கத்திலிருந்து, "வானிலை நிலையத்திலிருந்து வீட்டுக்கெல்லாம் போன் பண்ணுகிறீர்களா?" என்றார்.

"இல்லை. உங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணின் அண்ணன் நான். அவள் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டு நாளாக. தண்ணீரும் உறைந்துவிட்டது. அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை தெரியவில்லை."

"அடடா. குளிருது குளிருதுன்னு மட்டும்தானே சொன்னா!" அவர் யாரையோ கத்திக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்து, "இன்றைக்கு ரெண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். நாளைக்கு ஆள் வந்து பார்ப்பான்" என்றார். வைக்கப் போனவர், "நீங்கள் இங்கே எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"நான் வந்ததே இல்லை."

"வராமலா இப்படிப் பேசுகிறீர்கள்? வந்துவிடுங்கள். எனக்கு ஆள் வேண்டும்."

வர முடியாது என்பதற்கான வாக்கியம் மிகச் சுலபமானது. இரண்டாம் பாடத்திலேயே வரும். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை மீ வந்ததும் தங்கச்சி பேசினாள். முதலாளியம்மா வீட்டுத் தரையே சூடாக இருக்கிறதாம், சூப் குடித்தார்களாம், கம்போடியா அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாராம். மறுநாள் ஹீட்டருக்கு வயர் மாற்றினார்கள். "நீ எதுக்கு அண்ணே வெளிய போன?" என்று என்னைத் திட்டினாள். அன்றிலிருந்து தினம் பத்துச் சொல் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். பங்குனிக்குள் முதலாளியம்மாவோடு சண்டை போடும் அளவுக்குப் பேசப் பழகிவிட்டாள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த அழைப்புக்கு மறுநாள் காலைதான். விழித்ததும், கேட்காமல் கொள்ளாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். போக எனக்கு ஓர் இடமும் இல்லை. படி இறங்கித் தெருவில் கொஞ்சம் நடந்தால் போதும் என்றிருந்தது. அம்மா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு யாருக்குக் குளிருது?" என்றார்.

நான் சட்டையோடு அங்கேயே நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தார்.