குதிரை ஏறிப் பால் காய்ச்சப் போனது

குதிரை ஏறுகிறவர்களுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று நான் எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுத எனக்கு நேரம் பிடிக்கும். ஆனால் இப்போது என்னிடம் தாராளமாக இருப்பது அது ஒன்றுதான். அதோடு, நுவரெலியா ஏரிக்கரையில் குதிரை ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏறிய இடத்திலேயே வந்து இறங்கிவிடுகிறார்கள். நான் ஓர் இடத்துக்குப் போவதற்காக ஏறியவள். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் தங்கைக்கு எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனில் தனி வீடு கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் லயத்து ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியே போகிற முதல் ஆள் அவள். சாவி கைக்கு வந்த அன்றே போன் எடுத்தாள்.

“அக்கா, பால் காய்ச்ச நீ வந்துதான் அடுப்பப் பத்த வைக்கணும். நீ வராட்டி நான் பத்த வைக்கிறேன்னு என் நாத்தனா நிக்கிறா.”

அந்த நாத்தனாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தீப்பெட்டியைக் கையில் கொடுத்தால் அடுப்பை மட்டும் பற்றவைத்துவிட்டுச் சும்மா இருக்கிற பெண் இல்லை, அவ்வளவுதான். எங்கள் அம்மா போன பிறகு, கூடப் பிறந்தவர்கள் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் நெருப்பு என் கையால்தான் எரிந்திருக்கிறது. அது அவள் கைக்குப் போவதற்கு நான் இன்னும் சாகவில்லை.

போவது எப்படி என்பதுதான் கேள்வி. நான் இருப்பது மேல் டிவிசன். முழங்கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. கொழுந்து நிறுக்கிற மடுவம்வரை கம்பை ஊன்றிக்கொண்டு போவேன், அதற்கு மேல் இல்லை. ஆட்டோ வந்து போன பாதை போன மழையில் இடிந்து பள்ளத்தில் கிடக்கிறது. அது தோட்டத்துப் பாதையா, அரசாங்கத்துப் பாதையா என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும், “உங்களுடையது”, “இல்லையில்லை, உங்களுடையது” என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு பெருந்தன்மையை நான் என் சொந்தக்காரர்களிடம்கூடப் பார்த்ததில்லை. மிச்சம் இருப்பது தேயிலைக்குள்ளே இறங்குகிற குறுக்குப் பாதை.

“கம்பளியில போட்டுத் தூக்கிட்டுப் போயிருவோம் அக்கா. நாலு பேர் போதும்” என்றார் அடுத்த காம்பராக்காரர். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கம்பளியின் இரண்டு தலைப்பையும் ஒரு கம்பில் கட்டி, நடுவில் ஆளைப் போட்டுத் தோளில் தூக்கிப் போவார்கள். பிள்ளைவலி வந்தவளும் அதில்தான் போவாள், மூச்சு நின்றவனும் அதில்தான் போவான்.

“நான் பால் காய்ச்சப் போறேன். பொட்டலமாப் போக மாட்டேன்” என்றேன்.

என் மகன் நுவரெலியாவில் குதிரை பிடிக்கிறவன். பிடிப்பது என்றால் ஓடிப்போன குதிரையை இல்லை. ஏரிக்கரையில் உல்லாசமாக வருகிறவர்களை மேலே உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்து ஒரு சுற்றுக் கூட்டி வருவான். குதிரை முதலாளியுடையது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிழம். சீசன் முடிந்து கூட்டம் குறைந்தால், தீனிச் செலவு தன் தலையில் விழாமல் இருக்க முதலாளி அதை மகனோடு எங்கள் தோட்டத்துப் புல்லுக்கு அனுப்பிவிடுவார். அப்போதும் அது எங்கள் லயத்துக் கோடியில் நின்று கழுதை மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது.

“கம்பளி வேணாம், ஆட்டோ வராது. அப்ப குதிரையிலதான் போகணும் நீ” என்றான் மகன்.

அவன் நக்கலுக்குத்தான் சொன்னான். அந்த நக்கல் அவனுக்கு என்னிடமிருந்து போனது. எங்கே நிறுத்துவது என்பது மட்டும் கூடப் போகவில்லை. “சரி. குதிரையக் கழுவு” என்றேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பயந்துபோய் டவுனுக்குப் போன் போட்டான். அங்கே பணக்காரப் பிள்ளைகளுக்குக் குதிரை பழக்குகிற ஒரு டீச்சரம்மா இருக்கிறாள், கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெண். இவன் அவளுடைய லாயத்தில் சாணி அள்ளப் போவதுண்டு. போனிலேயே அவள் முகம் தெரிந்தது. என்னை மேலிருந்து கீழே காட்டச் சொன்னாள். மாடு வாங்குகிறவள்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டாள்.

“அம்மே, முதல்ல பழகணும். மூணு மாசம் வந்தா நல்லம்” என்றாள்.

“மூணு மாசத்துல பால் புளிச்சுப் போயிரும் மகள்” என்றேன்.

அவள் நல்ல பெண்தான், சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள் பாருங்கள். தலைக்குத் தொப்பி வேண்டுமாம், கல்லைப் போட்டாலும் உடையாத தொப்பி. முழங்கால்வரை சப்பாத்து. கையுறை. விழுந்தால் விலா நோகாமல் இருக்க மெத்தை மாதிரி ஒரு சட்டை. அப்புறம் குதிரைக்கு. அது தலையைத் தூக்காமல் இருக்க ஒரு வார், தலையைத் தொங்கப்போடாமல் இருக்க இன்னொரு வார். தலையை என்னதான் செய்யும் பாவம் அது. பழகுகிறவர் வட்டமாகச் சுற்றிவர நீளக் கயிறு, பயம் வந்தால் பிடித்துக்கொள்ளக் கழுத்தில் ஒரு பட்டி, குதிரை ஏறத் தனியாக ஒரு காற்சட்டை. கடைசியில், “ஒரு ஸ்டூல் மறக்க வேணாம் அம்மே, ஏற இறங்க” என்றாள்.

மற்றதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவளுக்கு ஸ்டூலில்தான் சிரிப்பு வெடித்தது. குதிரை மேலே உட்கார்ந்து போகிறவளுக்கு எதற்கு இன்னோர் ஆசனம்? கால் வலித்தால் வழியில் இறங்கி உட்காரவா?

நான் பன்னிரண்டு வயதில் மலைக்கு ஏறியவள். மழையில், வழுக்குகிற சரிவில், முதுகு நிறையக் கொழுந்தைச் சுமந்து நின்றேன். எனக்கு யாரும் மெத்தைச் சட்டை தரவில்லை. நெற்றியில் மாட்ட ஒரு கயிறு, இடுப்பில் சுற்ற ஒரு படங்குச் சாக்கு. என்னைப் பழக்குவதற்கு இருந்த ஒரே சாதனம் கங்காணியின் வாய். அதற்கும் ஒரு வார் போட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

லயத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வாழ்நாளில் ஆட்டுக்குட்டி மேல்கூட உட்காராதவர்கள் எல்லாம் குதிரைச் சவாரியில் கரை கண்டவர்களாக இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த காம்பராக்காரர் என்னைச் சேணத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடச் சொன்னார்.

“குதிரை விழுந்தா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒரே இடத்துல கிடக்கும். தேடிக்கிட்டு அலைய வேணாம்ல” என்றார்.

மருமகள் மட்டும் புத்தியாக ஒரு காரியம் செய்தாள். டீச்சர் சொன்ன கழுத்துப் பட்டிக்குப் பதிலாக என் பழைய கூடைக் கயிற்றைக் குதிரையின் கழுத்தில் கட்டினாள். தனிக் காற்சட்டைக்கு அவசியமே வரவில்லை. அட்டைக்கடிக்குப் பயந்து காலமெல்லாம் சேலைக்குள்ளே காற்சட்டை போட்ட சாதி நாங்கள். பக்கத்து லயத்துப் பையன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். தலை சீவி, பூ வைத்து முடித்திருந்தேன். “அக்காகிட்ட குடு” என்று மருமகள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சீர் கொண்டுபோகிற தேங்காய், வெற்றிலை, பாக்கை அதற்குள் அடுக்கிக்கொண்டாள். உடையக் கூடாத பொருளுக்கு உடையாத தட்டு.

கடிவாளம் போட்டதை அன்றைக்குத்தான் கிட்ட நின்று பார்த்தேன். வாய்க்குள்ளே இரும்பு. எங்கள் லயத்தில் யார் யாருக்கு அதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டே மடுவத்துக்குக் கம்பை ஊன்றிப் போனேன். லொறியில் கொழுந்து மூட்டை ஏற்றுவதற்கு அங்கே உயரமான சீமெந்து மேடை இருக்கிறது. மேடையில் நின்றுகொண்டு குதிரையைப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். காலைத் தூக்கிப் போட்டேன், உட்கார்ந்தேன். அவ்வளவுதான் குதிரை ஏற்றம். ஸ்டூலாம்.

மகன் கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தான். மருமகள் ஹெல்மெட்டோடு பின்னே வந்தாள். நல்ல நேரத்துக்கு வேண்டிய பொழுது இருந்தது. அந்தக் குதிரைக்கு ஒரு பழக்கம் இருந்ததை மகன் சொல்ல மறந்திருந்தான். ஏரிக்கரையில் யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் அது நின்றுவிட வேண்டும், படம் எடுத்து முடியும்வரை அசையக் கூடாது. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அதற்கு எந்த வாரும் தேவைப்படவில்லை.

முதல் வளைவிலேயே கொழுந்து எடுக்கிற பெண்கள் என்னைக் கண்டார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் போனைத் தூக்கினார்கள். குதிரை நின்றது. கழுத்தை நிமிர்த்தி, பக்கவாட்டில் திரும்பி, மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“ஆத்தாடி, துரைச்சாணி போறாங்க பாரு.”

“அம்மாயி, இங்குட்டுப் பாருங்க. சிரிங்க கொஞ்சம்.”

“போனைக் கீழ போடுங்கடி, நேரமாவுது” என்று மகன் கத்தினான். அவன் கத்துவதையும் சேர்த்து வீடியோ எடுத்தார்கள். அடுத்த வளைவிலும் அதே கதை. அதற்கடுத்ததில் ஆட்கள் தயாராகவே நின்றார்கள், படம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தோட்டத்தில் இடிந்த பாதையைப் பற்றி ஒரு செய்தி போய்ச்சேர ஆறு மழை பிடிக்கும். ஒரு கிழவி குதிரை ஏறினால் அது மலை தாண்டிப் பறந்துவிடுகிறது. இதற்கிடையில் தங்கையிடமிருந்து போன் மேல் போன். “எங்க வாறீங்க? நாத்தனா தீப்பெட்டிய எடுத்து மடியில வச்சிட்டா அக்கா.”

போய்ச் சேர்ந்தோம். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வாசல் நிறையச் சனம். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வாய் திறந்தபடி நின்றதை நான் கவனிக்காத மாதிரி நன்றாகக் கவனித்தேன்.

“இறங்கு அக்கா” என்றாள் தங்கை.

இறங்கப் பார்த்தேன். கால் வரவில்லை. முழங்கால் இரண்டும் சேணத்தோடு சேர்த்து வார்த்த மாதிரி இறுகிவிட்டன. கீழே பார்த்தேன். குதிரை ஏறும்போது இல்லாத உயரம் இப்போது இருந்தது. மேடை எங்கள் மடுவத்திலேயே நின்றுவிட்டது, கூட வரவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ சாமான் சொன்னார்கள். இறங்குவதற்கு ஒன்று வேண்டும் என்று சொன்னவள் ஒருத்திதான். அதையும் அவள் கடைசியாகச் சொன்னாள். முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டாமா? படித்த பெண்.

“நான் தூக்குறேன்மா” என்று மகன் கையை நீட்டினான். தங்கை புருஷன் அதைவிட ஒரு படி மேலே போய், உள்ளே ஓடி ஒரு கம்பளியைக் கொண்டுவந்தார். நாலு மூலையைப் பிடிக்கச் சொல்லி ஆள் கூப்பிட்டார். எந்தக் கம்பளி வேண்டாம் என்று மலை இறங்கி வந்தேனோ, அது வாசலில் எனக்காக விரிந்தது.

“தொட்டா குதிரையத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன்” என்றேன். எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியாது. அது அவர்களுக்குத் தெரியாது.

நாத்தனார் மெதுவாக முன்னே வந்தாள். “பெரியவங்க சிரமப்பட வேணாம். நேரம் போவுது. நானே பத்த வச்சிரட்டா?” குரலில் அவ்வளவு தேன்.

தங்கை பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கவாட்டுக்குப் போனாள். கட்டி முடித்து மிஞ்சிய சீமெந்துக் கற்கள் அங்கே குவிந்து கிடந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து குதிரைப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். இன்னொன்று. அவளும் இளவயசுக்காரி இல்லை, மூச்சு வாங்கியது.

“சின்ன வயசுல இருந்து இவளுக்கு எல்லாத்துக்கும் நான்தான் தூக்கணும்” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

“தூக்குற கல்ல நேரா வை. கோணலா இருக்கு” என்றேன் மேலிருந்து.

“குதிரையில இருந்துக்கிட்டுக் கங்காணி வேலை பாக்குறா பாரு.”

மருமகளும் மகனும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படி எழுந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் போனைத் தூக்கியிருந்தார்கள். அதனால் குதிரை இம்மியும் அசையவில்லை. அந்தப் பழக்கத்தை வழியெல்லாம் மனதுக்குள் திட்டியதை அப்போது வாபஸ் வாங்கினேன். கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முனகலை வாய்க்குள்ளேயே வைத்து, ஒரு காலைச் சுற்றிப் போட்டேன். கல்லில் பாதம் பட்டது. அடுத்த கல். அடுத்தது மண். யாரும் என்னைத் தொடவில்லை. நடந்து உள்ளே போனேன். நாத்தனார் முன்னால் கையை நீட்டினேன். தீப்பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரே குச்சியில் பற்றியது. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது.

தங்கை அந்தக் கற்களை இன்னும் எடுக்கவில்லை. பார்க்கிறவர்கள் வாசலில் ஏன் இப்படிப் பாதிப் படி நிற்கிறது என்று கேட்கிறார்களாம். குதிரை ஏறத் தனிச் சாமான் வேண்டுமா என்று என்னைக் கேட்டால் நான் அவள் வாசலைக் காட்டுவேன். டீச்சரம்மாவுக்கும் மகன் சொல்லியிருக்கிறான். ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் சொல்லாதே என்றேன், அவளுக்கு மனம் நோகும்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“புது வீடு அக்கா. இன்னைக்கு ஒரு நாள் தங்கிட்டுப் போயேன்.”

அவளுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும். நாத்தனார் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“எப்படித் தங்குறது? வெளிய குதிரை நிக்குதுல்ல.”