தலைப்பாகைக்குள் இருந்த சுழி

கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் தலைப்பாகையைக் கழற்றவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் புழுக்கத்தில் பந்தலில் இருந்த அத்தனை பேரும் விசிறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை முறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். முதல் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. உச்சந்தலையில் இரண்டு சுழி.

இரட்டைச் சுழிக்காரன் இரண்டு தாலி கட்டுவான் என்பது நம் சனங்களின் நம்பிக்கை. மாடு வாங்கினாலே சுழி பார்க்கிறவர்கள், எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் தலையைப் பார்க்க மறந்துவிட்டார்கள். அவர் தலையில் ஒரு சுழி வலப்பக்கமாகச் சுற்றியது, மற்றது இடப்பக்கமாக. சங்கில் வலம்புரிக்குத்தானே மதிப்பு? வலப்பக்கம் சுற்றுவது நான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். இடப்பக்கத்துக்காரி எங்கே இருக்கிறாள் என்பதுதான் அதன்பிறகு என் கவலையெல்லாம்.

அவருக்கு ரயில் பட்டறையில் வேலை. சுழியைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். “உருண்டையா ஒண்ணு இருந்து அதுல மயிரும் முளைச்சா, எப்படிச் சீவினாலும் எங்கயாவது சுழிச்சுத்தான் ஆகணும்” என்பார். நான் விடவில்லை. நார் நிறைந்த தேங்காய் ஒன்றை நனைத்துச் சீப்பால் சீவிப் பார்த்தேன். மேலே படிய வைத்தால் கீழே சுழித்தது, கீழே படிய வைத்தால் மேலே. சரி, ஒரு சுழி வேண்டியதுதான். இரண்டாவது எதற்கு?

அதற்குப்பின் என் கண்ணுக்குச் சுருள் சுருளாகவே தெரிந்தது. குளிக்கிற இடத்துச் சுவரில் நத்தை ஏறினால் அதன் ஓடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பேன். பாசாரில் மலாய்ப் பெண்கள் கறிக்கு விற்கும் பெரணிக் கொழுந்து தலையைச் சுருட்டிக்கொண்டு எதையோ மறைப்பதுபோல் இருக்கும். அதை வாங்குவதையே நிறுத்தினேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்கு ரயிலேறுவார். கேட்டால் ஊர்க்காரர்களைப் பார்க்க என்பார். அடுத்த வீட்டு அக்கா சும்மா இருக்கமாட்டார். “ஊர்க்காரன் மேல எந்த ஆம்பளைக்கு இவ்வளவு பாசம் லா?” என்று எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு விறகைச் செருகுவார். ஒருநாள் பிடிவாதமாக நானும் உடன் போனேன். ஸ்டேஷன் வாசலில் ஆப்பம் விற்றவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். தையல்கார வீட்டுப் பெண் சௌக்கியம் விசாரித்தாள். அவள் மூக்குத்தி புதுசா, இவள் ஏன் கண்ணைத் தாழ்த்துகிறாள் என்று ஒவ்வொருத்தியையும் தலை முதல் கால் வரை அளந்தேன். அவரோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை நிறுத்தி, ஊரில் மழை உண்டா, இன்னார் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குப் பெண்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

மனசு ஆறாமல் பத்துமலை முருகன் கோயிலுக்கு இழுத்துப் போனேன். சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உனக்கப்புறம் இன்னொருத்தி வரமாட்டா” என்று சுடரின் மேல் கை வைத்தார். வள்ளியையும் தெய்வானையையும் கட்டிக்கொண்ட சாமி முன்னால் போய் அந்தச் சத்தியத்தை வாங்கினேனே, என் புத்தியை என்ன சொல்ல! ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருஷம், அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் தகரப்பெட்டி, சேலையில் இன்னும் கப்பல் வாடை. அவர் ஊரையும் பட்டறையையும் சரியாகச் சொல்லி இந்த வீடுதானா என்று விசாரித்தாள்.

வந்துவிட்டாள் இடப்பக்கத்துக்காரி என்று நெஞ்சு பற்றி எரிந்தது. உள்ளுக்குள் ஓர் அற்பச் சந்தோஷமும் இருந்தது, நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதே என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். அவருடைய அதே நெற்றி, அதே மோவாய். பத்து வயதாவது இருக்கும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்தானே என்று விரல்விட்டு எண்ணினேன்.

“நீ அவருக்கு யாரு?” என்று வந்தவள் கேட்டாள். என் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: “கப்பலேறுறதுக்கு முன்னாடியே எனக்குத் தாலி கட்டிட்டாரு. ரெட்டைச் சுழி, ஜாக்கிரதைன்னு அப்பவே எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

இத்தனை வருஷம் ஊரெல்லாம் தேடிய அந்த இரண்டாமவள் நான்தான் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவமானத்தில் உடம்பு கூசியது. அவள் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அழுதிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கிள்ளானில் அந்த ஆப்பக்காரியை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படியே என் மூக்குத்தி முதல் கால் மெட்டி வரை நிதானமாகப் பார்த்தாள்.