எங்கள் முன்னறையில் ஒரு கடல்விமானம்

உர்ர்ர்ர்ர்...

மிளகாய் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் விளங்கும். திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மில் எதுவும் இல்லை. முன்னறையில் ஒரு கம்பியூட்டரும், அதற்கு முன்னால் கதிரையில் என் மனுசனும் இருந்தார்கள். அது போதாதா?

கலியாணம் முடித்த புதிது. நாளைக்குப் பிள்ளைகள் படிக்க உதவும் என்று சொல்லித்தான் அந்தக் கம்பியூட்டரை வாங்கினார். எங்கள் வீட்டுக்குப் பிள்ளைக்கு முன்னால் பிளேன் வந்துவிட்டது.

அதுவும் சும்மா பிளேன் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர் ஓட்டிய கற்றலினா என்கிற கடல்விமானம். தண்ணீரில் எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும். அந்த நாளில் நம் திருகோணமலையில் நின்றதாம். யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கம்பியூட்டரில் பிளேன் ஓட்டுகிற ஒரு புரோகிராமுக்காக ஆணி ஆணியாகச் செய்து இன்டர்நெட்டில் போட்டிருந்தான். அந்தப் புண்ணியவான் என் கையில் அகப்பட வேண்டும்...

இவருக்கு ஒரே ஆசை. அதைக் கொண்டுவந்து நம் துறைமுகத்தில் இறக்க வேண்டும்.

இறக்குங்களேன், யார் வேண்டாம் என்றது? ஆனால் பக்கத்தில் உள்ள சீனன்குடா விமானத்தளத்தில் கிளம்பி ஒரு வட்டமடித்து இறங்கினால் சரிவராதாம். அந்தக்கால விமானிகள் மாதிரி மாலைதீவுப் பக்கமிருந்து வரவேண்டுமாம். அவர்களுக்கு எத்தனை மணித்தியாலம் பிடித்ததோ, இவருக்கும் அத்தனை பிடிக்க வேண்டும். வேகமாக ஓட்டிவிடுகிற வசதி கம்பியூட்டரில் இருந்தது. அதைத் தொட்டால் பாவம்.

மேலே நீலம், கீழே நீலம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு போட்டுவிட்டுக் குசினியில் இருந்து கத்தினால் ஒரே பதில்தான்.

"இறங்கிட்டு வாறன்."

குளிக்கப் போனால் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுப் போவார். திரையில் ஒரு முள் ஆடும், அது சிவப்புக்குப் போனால் கூப்பிட வேண்டும். எஞ்சின் சூடாகிவிடுமாம். அடுப்பில் பால் பொங்கி ஊற்றுகிறது, நான் இல்லாத எஞ்சினுக்குச் சூடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியிடம் முறையிட்டேன். ஊரில் உள்ள ஆம்பிளையள் குடித்துவிட்டு றோட்டில் கிடக்கிறார்கள், என் பிள்ளை வீட்டுக்குள்ளே இருந்து பிளேன்தானே ஓட்டுகிறான் என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு...

பாதிக் கடலில் வரும்போது கரண்ட் போகும். அடுத்த ஞாயிறு திரும்பவும் மாலைதீவில் இருந்து.

ஒருநாள் கரண்ட் போகவில்லை. மாமி வந்து நின்றார். நானும் அகப்பைக் கையோடு வந்து நின்றேன். கடல் முடிந்து கரை தெரிந்தது. கோணேசர் மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு. துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில்... பச்சைப் பசேல் என்று புல்வெளி!

உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வகுப்பில் படித்தோமே, அதை அந்தப் புரோகிராம் செய்தவர்கள் மண் போட்டு மூடியிருந்தார்கள்.

முதலே ஒருதரம் பார்த்திருக்கலாமே என்றேன். முதலே பார்த்தால் வந்து சேருகிற சுகம் இல்லையாம். இறங்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றியே பெற்றோல் முடிந்து விழுந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அந்தப் பாவம் ஒரு கிழமைதான் நின்றது. அவர்கள் மூடினால் என்ன, துறைமுகத்தை நானே கீறிக் கம்பியூட்டருக்குள் போடுகிறேன் என்று தொடங்கிவிட்டார்.

ஒரு பின்னேரம், நீரும் வெளிக்கிடும், ஒரு சுற்றுப் போய்வருவோம் என்றார். நானும் புதுச் சேலை கட்டி, பூ வைத்து, மோட்டார் சைக்கிளில் ஏறினேன். உட்துறைமுக வீதியில் நிறுத்தினார். கடதாசியை எடுத்தார். கரை எங்கே வளைகிறது, ஜெட்டி எங்கே நீட்டுகிறது என்று கீறத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லும். கரை மறைக்குது."

அந்தச் சேலையை இன்றைக்கும் அலுமாரியில் பார்த்தால் எரிச்சல் வரும்.

கீறி முடிக்க முதல் கட்டாருக்கு விசா வந்துவிட்டது. இரண்டு வருசம் என்று போனவர் இன்னும் அங்கேதான். மாமி போய்விட்டார், அந்தக் கம்பியூட்டரும் போய்விட்டது. பிறகு பிறந்த மகள் இப்போது ஏ.எல். படிக்கிறாள். இடையில் லீவில் வந்து வந்து போனார். இப்போது அதுவும் குறைந்து... லீவு கேட்டிருக்கிறன், பாப்பம் என்பதுதான் கதை.

அங்கே அறையில் புதுக் கம்பியூட்டர். இப்போதைய புரோகிராமில் எல்லாம் வானத்தில் இருந்து எடுத்த படமாம். துறைமுகம் முழுக்கத் தண்ணீர். எங்கள் கூரை, கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கி எல்லாம் தெரிகிறது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் வீடியோ கோல் எடுத்து, போனைத் திரைப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஏதோ ஒரு பழைய பயணிகள் விமானத்தில் வீட்டுக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றுவார். மனுசன் கிழமைக்கு ஒருதரம் கூரைக்கு மேலால் வருகிறார். கேற்றைத் திறந்து வந்து மூன்று வருசம்.

போன வெள்ளி வேறு பிளேன். அந்தக் கற்றலினாவைப் புதுப் புரோகிராமுக்கும் யாரோ செய்து விற்கிறார்களாம், வாங்கிவிட்டார். திரும்பவும் மாலைதீவு, திரும்பவும் நீலம். நான் போனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுச் சமைத்து முடித்தேன். உவர்மலைக்குப் பக்கத்தால் மெல்லப் பதிந்து வந்து, துறைமுகத் தண்ணீரைத் தொட்டு, நுரை தள்ளிக்கொண்டு போய் நின்றது.

"பாத்தீரா? இறங்கிட்டன்."

சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதைவிடக் கோபம் வந்தது.

"பாத்தன். இறங்கிட்டு வாறன், இறங்கிட்டு வாறன் எண்டுதானே எப்பவும் சொல்லுவீங்கள். இப்ப இறங்கிட்டீங்கள்தானே. அங்கயிருந்து வீட்டுக்கு ஓட்டோவில பத்து நிமிசம். வாங்கோ."

போனுக்குள் உர்ர்ர் என்று அந்தச் சத்தம் மட்டும்.

அந்த நாளில் குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கத்தக் கத்தச் சோறு ஆறும், ஆனாலும் ஆறின சோற்றையாவது வந்து சாப்பிடுவார். இப்போது கத்தத் தேவையில்லை, மனுசன் காதுக்குள்ளேயே இருக்கிறார். சாப்பிட மட்டும் வருவதில்லை.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இரண்டையும் நிறுத்தினார். இத்தனை வருசத்தில், நான் கத்தாமல் அவராகவே அதை நிறுத்தியது அதுதான் முதல்தரம்.