டீசல் குடித்த கெப் வண்டி

"பாஸ், மீட்டர்ல ஓடின தூரத்துக்கு மேல டீசல் போகுது. எங்க போகுது? மாசக் கடைசிக்குள்ள கண்டுபிடிங்க. இல்லாட்டி டிரைவர நிப்பாட்டிருவேன்" என்றார் தோட்ட மேனேஜர் தொரை. பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வேர்க்‌ஷாப் மெக்கானிக்; தோட்டத்தில் எங்களை 'பாஸ்' என்பார்கள். டிரைவர் சவரிமுத்து, மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைப் பெரிய கெப் வண்டியில் ஃபெக்டரிக்கு இறக்குபவன். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். மூன்று பிள்ளைகள் வேறு.

எனக்கு அவன் மேல்தான் சந்தேகம். வண்டியைச் சோதித்தாயிற்று. ஃபில்டர் சுத்தம், பிரேக் இறுக்கவில்லை, எங்கும் ஒழுக்கு இல்லை. அப்புறம் டீசலைக் குடிப்பது பேயா?

டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். அவன் பெண்சாதி கேனோடு போனபோது, வெட்கத்தை விட்டு வாங்கி மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய். பூட்டுப் போட்ட பிறகும் டீசல் குறைந்தபாடில்லை. கள்ளச்சாவி வைத்திருக்கிறான் என்று நினைத்தேனே தவிர, அவன் நல்லவனாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. புத்தி அப்படி!

கையும் களவுமாகப் பிடிப்போம் என்று ஒரு நாள் கொழுந்து லோட்டோடு நானும் ஏறினேன். இறக்கம் வந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளினான்.

"டேய், என்னடா செய்யிற?"

"டீசல் மிச்சம் புடிக்கிறேன் பாஸ். நீங்க பூட்டுப் போட்டதுல இருந்து இப்பிடித்தான் எறக்குறேன். வேற என்னத்த செய்யச் சொல்றீங்க?"

பின்னால் மூட்டைகள் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரேக் சூடேறிக் கைவிட்டால் எல்லோரும் பள்ளத்தில்தான். "கியரப் போடுடா பாவி! கியர்ல வந்து எக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இந்த எஞ்சின் டீசலே இழுக்காது. நியூட்ரல்லதான் குடிக்கும்!"

கியரைப் போட்டான். அதன்பின் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மீட்டரையும் ரோட்டோரக் கிலோமீற்றர் கல்லையும் பார்த்துக்கொண்டு வந்தேன். கல் கணக்கில் பத்து ஓடியிருந்தோம். மீட்டர் ஒன்பதுதான் காட்டியது.

அடக் கடவுளே! மழைக்கு வழுக்காமலிருக்க, போன மாதம் சேற்றுக்கு ஏற்ற பெரிய டயர்களை நான்தானே பூட்டினேன். சக்கரம் பெரிதானால் சுற்றுக் குறையும், மீட்டரும் குறைத்துத்தான் காட்டும். கனத்த டயர் தார் ரோட்டில் கூடுதலாக டீசலையும் தின்னும். வண்டி முழுக்கச் சோதித்த நான், என் கை வேலையை மட்டும் விட்டுவிட்டேன்.

தொரையிடம் ஒப்புக்கொண்டேன். "சரி, விடுங்க பாஸ்" என்றார். சவரிமுத்து விடவில்லை.

"ஆபிஸ்ல சொன்னா போதுமா? லயம் பூரா என்னையக் கள்ளன்னு பேசுது. பெரட்டுல சொல்லுங்க."

மறுநாள் விடியக் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அன்றைக்கே பழைய டயர்களைப் பூட்டினேன். டீசல் பழைய அளவுக்கு வந்தது.

வேர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வருகிறவர்களே, ஒரு மனிதனைச் சந்தேகிக்குமுன் கடைசியாக நீங்கள் பூட்டியதை ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறும்வரை, பக்கத்தில் நான் நிற்காமல் சவரிமுத்து ஒரு லீற்றர் டீசல்கூட அடித்ததில்லை. "எனக்கு வேலை கெடக்குடா, நீயே அடிச்சிக்கோ" என்பேன்.

"இல்ல பாஸ், நின்னு பாத்துட்டே போங்க" என்பான்.