நாற்பது மீன் பற்றிஸும் ஒரு விலகல் கடிதமும்

விலகல் கடிதத்தைக் கொடுக்க முதல் பேக்கரியில் சோர்ட் ஈட்ஸுக்கு ஓடர் சொல்லக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், கொழும்பு கொட்டாஞ்சேனையில், மீன் அடைத்துப் பொரித்த நாற்பது பற்றிஸுடன் நின்றுதான் படித்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிகட்டி விற்கும் கொம்பனி அது. வாங்கியவர்களைப் போனில் அழைத்து, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பது என் வேலை. அதற்கு முன் இருபது வருடம் ஒரு டைல்ஸ் கடையில் இருந்தவன். அங்கே மேசன்மாரோடு பகிடி விட்டுச் சிரிப்பதும் வேலையில் சேர்த்தி. முதலாளி கடையை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு கனடா போய்விட, என் மனைவியின் தமையன், அதாவது மச்சான், யார் யாரையோ பிடித்து இந்த வேலையை எடுத்துத் தந்தார்.

என்ன கதைக்கவேண்டும் என்று ஒரு தாளில் ஒன்பது வரி இருந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் திரையில் சிவப்பு எரியும். பகிடி விடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒன்பது வரிக்குள் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். ஒருநாள் களுபோவிலயிலிருந்து ஒரு அம்மா, வடிகட்டி நல்லது என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு, கணவரின் ஒப்பரேஷனைப் பற்றி இருபத்திரண்டு நிமிடம் சொன்னார். நடுவில் நான் எதையோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அந்தக் கொம்பனியில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் விலகினால் ஒரு கிழமை, ஏழு நாள், முன்னறிவித்தல் போதும். நிரந்தரமாக்கிவிட்டால் மூன்று மாதம். ஆறாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடிகிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து என் நெஞ்சு என்னிடம் கேட்காமலே அடிக்கத் தொடங்கியது. வெள்ளவத்தை பார்மசியில் பிரஷர் பார்த்தேன். நல்லாய் இருக்கிறதாம். அது இன்னும் பயமாக இருந்தது. நோய் வருத்தம் என்று சொல்லியாவது விலகியிருக்கலாம். வேலை போவதைவிட எனக்கு மச்சானின் முகம்தான் பயம். ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வந்தால் அந்த மனிதர் எந்த முகத்தோடு திரும்ப யாரிடம் போய்க் கேட்பார்? மூன்று கிழமையாக ஒவ்வொரு காலையும் இதையே மனைவிக்குச் சொன்னேன். கடைசியில் அவள், “விடுறதோ இருக்கிறதோ, ரெண்டில ஒண்டைச் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறுது,” என்றாள்.

என்னை நான் நன்றாக அறிவேன். வாசல்வரை போய்த் திரும்பி வருகிற ஆள். ஆகவே வியாழக்கிழமையே பேக்கரியில் நாற்பது பற்றிஸுக்குச் சொல்லிவைத்தேன். எங்கள் கந்தோர்களில் வேலையை விட்டுப்போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை; பற்றிஸ், ரோல்ஸ் என்று ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவார். பெட்டியை மேசையில் வைத்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது. திட்டம் அபாரம். வெள்ளி காலை வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, மட்டக்குளி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சட்டைப் பையில் கடிதம்.

பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, சொல்லவேண்டியதை ஒத்திகை பார்க்கக் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

“அண்ணை, கொன்ஃபேர்ம் ஆகிட்டுதாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை, என்ன?” என்றாள் பக்கத்து மேசைப் பிள்ளை.

பிறந்தநாளுக்கும், பிள்ளை சோதனை பாஸ் பண்ணியதற்கும், வேலை நிரந்தரமானதற்கும் அதே பற்றிஸ்தான் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்தது. அதோடு நிற்காமல் நன்றியும் சொன்னேன்.

என்னைவிடப் பதினைந்து வயது இளைய முகாமையாளர் வந்தார். எல்லோரும் சொன்னதைக் கேட்டார். ஒரு மாதிரி முழித்தார். இரண்டு பற்றிஸ் சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார். என் பொய் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து, ஆறு மாதத்தில் சேர்த்த தைரியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவருடைய மேசையிலும் ஒரு கடித உறை. அதைக் கையால் மூடினார்.

“நீங்கள் முதல் சொல்லுங்கோ, அண்ணை.”

சொல்ல வரவில்லை. கடிதத்தை நீட்டினேன். பற்றிஸ் எடுத்துக் கொடுத்த கையை அரைமணி நேரமாகப் பையின் மேலேயே வைத்திருந்ததில், உறையில் எண்ணெய் ஊறி முதல் வரி வெளியே தெரிந்தது. அவர் உறையைத் திறக்காமலே வாசித்து, கதிரையில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டார். பிறகு தன்னுடையதை என் பக்கம் தள்ளினார். என் தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருந்தார்கள்.

“காலமை குடுக்கத்தான் இருந்தனான். வந்து பார்த்தா பற்றிஸ் குடுத்துக்கொண்டு நிக்கிறீங்கள். அதைத் திண்டுபோட்டு இதை எப்பிடி அண்ணை தாறது?”

இருவரும் சிரித்த சிரிப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் எடுத்தேன். கழிவறையில் ஒத்திகை பார்த்தது முழுவதையும் அவருக்குச் சொன்னேன். நெஞ்சு மறுபடி தொடங்கியது.

“ஆறு மாசம் இருந்தனீரோ?” என்றார் மச்சான். “நான் உமக்கு மூண்டு கிழமைதான் கணக்குப் போட்டனான்.”

போனை வைத்தேன். அடுத்த வேலை எது என்று தெரியாது. ஆனால் நெஞ்சு இருக்குமிடம் தெரியாமல் இருந்தது. மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, பற்றிஸ் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு இருந்தன. தேத்தண்ணீரைச் சூடாகவே குடித்தேன்.