பொட்டு வைத்த துப்பாக்கி

இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கப் போகிற ஐம்பத்து நான்கு வயது வாத்தியார் ஒருவன், போர் விளையாட்டு விளையாடுவதற்காகத் துப்பாக்கி வாங்கினான். அது நான்தான். வேறு யாரோ என்று சொல்லிவிட ஆசை. ஆனால் ஹட்டனில் இந்தக் காரியத்தைச் செய்யக்கூடிய ஆள் வேறு எவரும் இல்லை என்று என் மனைவியே சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

துப்பாக்கி நிஜமல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தூக்கித் திரிந்ததன் அச்சு அசலான நகல். உள்ளே கொஞ்சம் கேஸ் நிரப்பிச் சுட்டால் மிளகளவு பிளாஸ்டிக் குண்டு ஒன்று பறக்கும். என்னிடம் சரித்திரம் படித்துவிட்டு, அதன் பயனின்மையை உணர்ந்து கொழும்பில் கணினி வேலைக்குப் போன சிலர், வட்டவளைப் பக்கம் மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மாதம் ஒருமுறை கூடி இந்தச் சண்டையைப் போடுகிறார்கள். ஒருநாள் என்னை வேடிக்கை பார்க்க அழைத்தார்கள். அங்கே நடுவர் கிடையாது. குண்டு பட்டவன் தானாகவே "பட்டுருச்சு" என்று கத்தி, கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும். இவ்வளவு யோக்கியமான யுத்தத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அங்கேயே மனதைப் பறிகொடுத்தேன்.

நுவரெலியாவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும், எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன்தான் எடுப்பித்துத் தந்தார். அனுமதிக் கடிதங்களுக்கும் அவரே அலைந்தார். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, "மகனுக்கா சேர்?" என்றார்.

"மருமகனுக்கு" என்றேன். எனக்கு மகள் கிடையாது.

பஸ்ஸில் கண்டக்டர், பெட்டியில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். திரைச்சீலைக் கம்பி என்று சொல்ல நினைத்தேன். அதற்கான சிங்களம் அந்த அவசரத்தில் வரவில்லை. ஜன்னலைக் காட்டி, இழுத்து மூடுவதுபோல் நடித்தேன். அவர் குனிந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். வீட்டில் மனைவி கேட்டபோது, "ஸ்கூல்ல மேப் மாட்டுற ஸ்டாண்ட்" என்றேன். ஒரே நாளில் மூன்று பொய். போர் தொடங்கும் முன்பே நாடுகள் செய்வதும் இதைத்தான்.

பெட்டி அலுமாரிக்கு மேல் மூன்று வாரம் கிடந்தது. எப்படியும் ஒருநாள் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் தேர்ந்தெடுத்த நாள், போன ஆண்டு ஆயுத பூசை.

அன்று எங்கள் பக்கத்தில் பிழைப்புக்கு உதவும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு, தொழிற்சாலையில் மெஷினுக்கு, டவுனில் ஓட்டோவுக்கு. எங்கள் வீட்டில் என் புத்தகங்களுக்கும் சிவப்புப் பேனாவுக்கும் மனைவியின் தையல் மெஷினுக்கும். பூசை நாளில் வீட்டில் யாரும் குரல் உயர்த்தக் கூடாது என்பது மனைவி போட்ட சட்டம். அந்தச் சட்டத்தின் ஓட்டைக்குள்தான் என் துப்பாக்கியை நுழைத்தேன். அவள் அவல் எடுக்கக் குசினிக்குப் போன நேரம், அதைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, அதன் மரக்கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரம் ஒன்றையும் போட்டேன். பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது.

அவள் வந்தாள். அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுதான் மேப் ஸ்டாண்டா?"

"அது வந்து..."

"பூச முடியட்டும்."

இவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஓட்டோ ஓட்டுபவர். ஒவ்வோர் ஆண்டும் பூசையன்று வந்து என்னைக் கையோடு அழைத்துப் போவார். அவருடைய ஓட்டோவுக்கு முன்னால் தேங்காய் உடைப்பது நான்தான். அந்த மரியாதைக்கு ஒரு காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில், இருபத்திரண்டு வயதில், அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் அடையாள அட்டையை அறையில் மறந்துவிட்டுச் சவர்க்காரம் வாங்கத் தெருவுக்கு வந்தார். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். வீடு திரும்ப ஒன்றரை வருஷமாயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் அவருடைய அம்மாவுக்காக நான் மனு எழுதினேன். என் கடிதங்களால்தான் விட்டார்கள் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். ஒன்றுக்காவது பதில் வந்ததில்லை என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை. ஆண்டுதோறும் போய்த் தேங்காயை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தேன்.

"சேர், எலுமிச்சம்பழம் வச்சாச்சு, வாங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாசற்படி தாண்டியதும் நின்றார். அவருடைய இரண்டு கைகளும் மேலே போயின. முழுக்க அல்ல, தோள்வரைதான். உள்ளங்கைகள் எங்களைப் பார்த்து விரிந்திருந்தன. ஒரு மூச்சுவிடும் நேரம். பிறகு, அதற்காகத்தான் தூக்கினேன் என்பதுபோல் இரண்டு கைகளாலும் தலையைச் சொறிந்துகொண்டார்.

"சேருக்கு வேல இருக்கு போல. நான் அப்பறமா வாறேன்."

வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓட்டோ கிளம்பும் சத்தமும், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தமும் கேட்டன. அதற்கு முன்பே தேங்காயை வேறு யாரோ உடைத்துவிட்டார்கள். ஒரே அடியில் உடைந்தது.

பூசை முடிந்தது. மனைவி திட்டவில்லை. துப்பாக்கியின் கட்டையிலிருந்த பொட்டை ஈரத்துணியால் துடைத்து, அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவரிடம் போனேன். ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய், விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டது.

"அது வெறும் வெளையாட்டுச் சாமான். பிளாஸ்டிக் குண்டுதான். கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வெளையாடுவாங்க. அடிபட்டவங்க தானாவே கையத் தூக்கிக்கிட்டு..."

அந்த இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதற்கு வெகு முன்னால்.

அவர் கண்ணாடியைத் துடைப்பதை விடவில்லை. "பொய்த் துப்பாக்கின்னு பாத்த ஒடனயே தெரிஞ்சிச்சு சேர். கைக்குத்தான் தெரியல" என்றார். பிறகு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

குடித்தேன். மன்னிப்பை அந்தத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அந்த வாரமே பெட்டியை நானாவிடம் கொண்டுபோனேன். "என்ன சேர், மருமகனுக்குப் புடிக்கலையா?" என்றார். "அவருக்கு முட்டி வலி" என்றேன். ஒரு வட்டவளைச் சண்டையும் பார்க்காமல் அது இப்போது நானாவின் கடையில், கிரிக்கெட் மட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறது.

அதன்பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கோபமெல்லாம் இல்லை. மழை நாளில் நான் நடந்து வந்தால் ஓட்டோவை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே நின்று ஹோர்ன் அடிப்பார். நானும் அவரை உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு, அவர் வாசற்படியில் ஒரு கணம் தயங்கினால் அதைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

இந்த ஆண்டு ஆயுத பூசையன்று சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். ஹோர்ன் சத்தம் கேட்டது.

"சேர்! வாங்க, தேங்கா காத்துக்கிட்டு இருக்கு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். என் முழங்கால்கள் அனுமதித்த அளவுக்கு. ஓட்டோவுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. தேங்காயைக் கையில் தந்தார். கற்பூரத்தைச் சுற்றி, கண்ணை மூடி, மனதுக்குள் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, ஓங்கி அடித்தேன். தேங்காய் கல்லில் படவில்லை. பக்கத்தில் விழுந்து, உருண்டு, தெருவோர வடிகானுக்குள் போய்விட்டது.

அவர் இறங்கி அதை எடுத்தார். சட்டையில் துடைத்தார். இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி என் கையில் வைத்தார்.

"நல்லவேள சேர், அந்த வெளையாட்டுக்குப் போகல. இந்தக் குறிக்கு மொதல் ஆளா கையத் தூக்கிக்கிட்டு நீங்கதான் வெளிய வந்திருப்பீங்க."