ஆறு சடையன்களும் ஒரு வருகைப் பதிவேடும்

1. மாற்றல் உத்தரவு

நான் கொல்லிமலைக்கு அனுப்பப்பட்டது ஒரு குற்றத்துக்காக. குற்றம் இதுதான்: சமவெளியில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், வந்த பிள்ளைகளை மட்டும் வந்ததாக எழுதினேன். எனக்கு முன் இருந்தவர் நாற்பது பேர் என்று எழுதிவந்த வகுப்பில், சேர்ந்த அன்றே நான் பதினேழு என்று எழுதினேன். ஒரே நாளில் இருபத்துமூன்று பிள்ளைகளைக் காணாமல் போக்கியவன் என்று மேலே புகார் போயிற்று. அந்த இருபத்துமூன்று பேரும் பிறக்கவே இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து உண்டு. ஆகவே இங்கே சொல்லும் மாதமும் கிழமையும் நினைவிலிருந்து அல்ல, ஏட்டிலிருந்து. யுவ வருஷம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, பேளுக்குறிச்சிச் சந்தை முடிந்து திரும்பும் மலைக்காரர்களோடு நடந்து மேலே ஏறினேன். கையில் ஒரு மணி, ஒரு கடிகாரம், சுருட்டிய உலகப் படம், புதிய வருகைப் பதிவேடு. இந்த நான்கும் இருந்தால் பள்ளிக்கூடம் நடக்கும் என்பது ஆபீஸின் நம்பிக்கை. பிள்ளைகளைப் பற்றி உத்தரவில் ஒரு வரி மட்டும் இருந்தது: சராசரி வருகை இருபதுக்குக் கீழே போனால் பள்ளி மூடப்படும்.

நான் போய்ச் சேர்ந்தது தேவனூர் நாடு என்ற மலை வட்டாரத்தில் ஒரு சிற்றூர். புல் வேய்ந்த மண்சுவர்க் கொட்டகைதான் பள்ளி. பதிவேட்டில் இருபத்துநான்கு பெயர்கள்.

2. கூப்பிடாத பெயர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடித்துப் பெயர் வாசித்தேன்.

"சடையன்."

பதில் இல்லை. அடுத்த பெயரும் சடையன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஆறு சடையன்களும் வரவில்லை என்று குறிக்கப் பேனாவை எடுத்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி சிரித்துவிட்டாள்.

"அவிங்கெல்லாம் இங்கதானுங்க உக்காந்திருக்காங்க. ஆனா அந்தப் பேருல அவிங்கள ஆரும் கூப்பிடறதில்லீங்க."

விவரம் ஊர்க்கவுண்டரிடமிருந்து கிடைத்தது. குப்பண்ணக் கவுண்டர் என்ற அவருக்கு ஆறு தம்பிகள். காலமான தகப்பனார் பெயர் சடையன். தலைமகனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் ஏழு வீட்டிலும் ஒரு சடையன். மூத்தவன், கவுண்டரின் மகன், மீசை வைத்த ஆள். மற்ற ஆறு பேர் என் பள்ளியில்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. தகப்பன் பெயரை மகன் "டேய்" போட்டுக் கூப்பிட மாட்டான். ஆகவே பெயர் வைத்த நாளோடு அந்தப் பெயர் ஓய்வு பெற்றுவிடும். அம்மாமார் "கண்ணு" என்றும் "சாமி" என்றும் கூப்பிடுவார்கள். அப்பன்மார் "ஓடைக்காட்டான்", "மேட்டுக்காட்டான்" என்று அவரவர் புன்செய்க் காட்டின் பெயரால் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் காட்டுக்குக் கட்டம் இல்லை.

அந்தப் பெயருக்கு "உள்ளேன் ஐயா" சொல்ல அவர்களைப் பழக்க ஆடி மாதம் முடியும்வரை ஆயிற்று. மலையில் அந்தப் பெயரை உரக்கச் சொன்ன ஒரே இடம் என் பள்ளிக்கூடம்.

3. பதினாறாம் வாய்ப்பாடு

ஆவணி கடைசியில் தினைக் கதிர் பால் பிடித்தது. என் கொட்டகை காலியாயிற்று. கிளியும் குருவியும் கதிருக்கு வரும். பிள்ளைகள் பரண் ஏறி, மூங்கிலைப் பிளந்து செய்த தட்டையை அடித்து விரட்ட வேண்டும். ஒரு வாரம் நானும் கடிகாரமும் மட்டும் பள்ளிக்குத் தவறாமல் வந்தோம்.

கவுண்டரிடம் போய் முறையிட்டேன். இப்படியே போனால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றேன்.

"ஏனுங்க வாத்தியாரே," என்றார், "கிளி வெடியறப்ப வருது, உச்சிக்கு ஓயுது, பொழுது சாயறப்ப மறுக்கா வருது. உங்க பெல்லடிச்சா அது நிக்குமுங்களா?"

"நிற்காது."

"தினை போச்சுன்னா பிள்ளைக்குக் கஞ்சி உங்க ஆபீஸுல ஊத்துவாங்களா?"

"ஊற்ற மாட்டார்கள்."

"அப்பறமென்னுங்க? நீங்க அங்க கத்தச் சொல்றத இங்க கத்தச் சொல்லுங்க. அதுவும் கத்தறதுதானே?"

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் கல்விமுறை பற்றி நான் படித்த அத்தனை தடித்த நூல்களிலும் இதற்கு நிகரான யோசனை ஒன்றுகூட இல்லை. மறுநாள் முதல் நான் காட்டின் நடுவே ஒரு பாறையில் நின்றேன். சுற்றிலும் பரண்களில் பிள்ளைகள். காலையிலும் மாலையிலும் வாய்ப்பாடும் செய்யுளும் தொண்டை கிழிய. கிளி ஓய்ந்த உச்சிவேளையில் கீழே இறங்கிப் பலகையில் எழுத்து. மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் குறையவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

பத்து நாளில் கவுண்டர் தம் ஆராய்ச்சி முடிவைச் சொன்னார்.

"செய்யுளுக்குக் கிளி பயப்படறதில்லீங்க. உக்காந்து கேக்குது. ரெண்டாம் வாய்ப்பாட்டுக்குக் கொஞ்சம் நவுருது. அந்தப் பதினாறாம் வாய்ப்பாடு இருக்குது பாருங்க, அதுக்குத்தான் அடுத்த காட்டுக்கே போயிருது. அதையே சொல்லிக் குடுங்க."

அந்த வருஷம் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை என் பள்ளியில் இல்லை. ஆறாம் வாய்ப்பாட்டில் கொஞ்சம் தடுமாறினார்கள். ஆறாம் வாய்ப்பாட்டைக் கிளிகள் மதிக்கவில்லை.

4. டெபுடி இன்ஸ்பெக்டர் விஜயம்

புரட்டாசி இரண்டாம் புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து தலையில் கம்பளி மப்ளர். கால் நோகும் என்று டோலி. நான்கு பேர் தூக்கிவந்தார்கள். கொட்டகையில் யாரும் இல்லை. காட்டிலிருந்து நான் ஓடிவந்தபோது அவர் டோலியில் இருந்தபடியே பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய் இது? இருபத்துநாலுக்கு இருபத்துமூணு வருகை. கொட்டகையிலே ஈ காக்கா இல்லே. உம்மைப் பத்தி நேர்மையானவர்னு சொன்னாளே!"

"எல்லோரும் காட்டில் இருக்கிறார்கள், சார். பாடம் அங்கே நடக்கிறது."

"ஆமாம் ஓய், அடுத்த முறை வந்தா ஆகாயத்துலே நடக்குதும்பீர். சரி, இதென்ன? சடையன், சடையன், சடையன்... ஆறு தடவை! பொய்க் கணக்கு எழுதறவன் நான் நிறையப் பார்த்திருக்கேன். அவனெல்லாம் கொஞ்சம் கற்பனை பண்ணியாவது எழுதுவான். வேற பேரு கிடைக்கலியா உமக்கு?"

சமவெளியில் இருபத்துமூன்று பொய்ப் பிள்ளைகளை நம்பிய இலாகா, மலையில் இருபத்துமூன்று மெய்ப் பிள்ளைகளை நம்ப மறுத்தது. டோலியோடு காட்டுக்கு வரும்படி கெஞ்சினேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

காட்டோரத்தில் பாவாயி களை பறித்துக்கொண்டிருந்தாள். கவுண்டரின் மூன்றாவது தம்பியின் மனைவி. இன்ஸ்பெக்டர் டோலியை நிறுத்தச் சொன்னார்.

"இந்தாம்மா, உன் பையன் பள்ளிக்கூடம் போறானா?"

"போறானுங்க சாமி. அவன் படிப்ப மட்டும் நிறுத்திராதீங்க. எங்க ஊட்டுல எழுத்துத் தெரிஞ்சது அவன் ஒருத்தந்தானுங்க."

"பேரு என்ன?"

பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அதுங்க... பெரியவரு பேருங்க."

"எந்தப் பெரியவர்?"

"எங்க மாமனாருங்க."

"அவர் பேரு?"

"அத நான் எப்படீங்க சாமி சொல்லுவேன்?"

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "என் மூத்தவனுக்கும் என் அப்பா பேர்தான். என் வீட்டிலே தம்பின்னு கூப்பிடுறா. அது சரி. அதுக்காக ஆறு வீட்டுக்கும் ஒரே மாமனாரா? நல்லாப் பாடம் பண்ணிவெச்சிருக்கீர் ஓய்! இன்னிக்கே எழுதறேன். பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் குடும்."

பாவாயி என்னைப் பார்த்தாள். தான் ஒரு பெயரைச் சொல்லாததால் பள்ளிக்கூடம் போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கண்ணில் நீர்தான் வந்தது, பெயர் வரவில்லை.

"சார்," என்றேன், "நான் கூப்பிட்டால் ஏற்பாடு என்பீர்கள். நீங்களே கூப்பிடுங்கள்."

இன்ஸ்பெக்டருக்கு நல்ல குரல். டோலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேலியாகத்தான் கத்தினார்.

"சடையன்!"

அந்தப் பெயரைப் பள்ளிக்கூடம் தவிர வேறெதுவும் கூப்பிடுவதில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தினைக் கதிர்களுக்கு மேலே, ஆறு பரண்களில் ஆறு தலைகள் எழுந்தன.

"உள்ளேன் ஐயா!"

அதே நேரத்தில் டோலியின் முன்கழியைத் தூக்கியிருந்த மீசைக்கார ஆள், "என்னுங்க?" என்று திரும்பினான். டோலியும் அவனோடு திரும்பியது. இன்ஸ்பெக்டர் கழியைப் பிடித்துக்கொண்டு, வேர்த்த முகத்தோடு எண்ணினார்.

"ஏழு இருக்கு ஓய்! பதிவேட்டிலே ஆறுதானே?"

"இது எங்க மூத்தாரு, ஊர்க்கவுண்டரு மகனுங்க," என்றாள் பாவாயி அவசரமாக. "பள்ளிக்கூடத்துல சேத்தறதுக்கு வயசு மீறிப்போச்சுங்க."

ஒரு பெயருக்குப் பதிவேட்டைவிட வருகை அதிகமாக இருந்த நாள், என் பணிக்காலத்தில் அது ஒன்றுதான்.

பிறகு அவர் இறங்கி நடந்தார். பரண் பரணாக நின்று கேள்வி கேட்டார். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். பலகைகளைப் பார்த்தார். கடைசியில் என் பாறையில் உட்கார்ந்து மப்ளரை அவிழ்த்தார்.

"எல்லாம் உண்மைதான் ஓய். அதுதான் கஷ்டமா இருக்கு."

"என்ன கஷ்டம், சார்?"

"நான் இதை எழுதினா ஆபீஸிலே எவன் நம்புவான்? காட்டிலே பள்ளிக்கூடம், கிளி வர்ற நேரம் பெல்லு, ஆறு சடையன். என்னையே விசாரிப்பான். ஒண்ணு பண்ணும். பத்துலேர்ந்து நாலு வரைக்கும்னு போடும். கொட்டகைன்னு போடும். ஆறு பேருக்கும் ஆறு பேரு போடும். நாளைக் காலையிலே நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டு இறங்கறேன். இல்லேன்னா பூட்டுதான்."

5. புதிய பதிவேடு

பொய் எழுத மறுத்ததற்காக மலைக்கு வந்தவன், மலையில் பொய் எழுத மறுத்தால் இருபத்துநான்கு பிள்ளைகள் படிப்பை இழப்பார்கள். அன்று மதியம் அதே பாறையில் உட்கார்ந்து புதிய பதிவேடு எழுதினேன். என் கையெழுத்து அழகானது. பொய்க்கும் அது அழகாகவே வந்தது. நடேசன், வேலு, கோவிந்தன், மாணிக்கம், ரங்கன், முத்துசாமி என்று ஆறு பேரை உண்டாக்கினேன். குப்பண்ணக் கவுண்டரிடம் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார்.

"ஊருக்குள்ள பெரியவரு பேரு அப்படியே இருக்கட்டுமுங்க. கவருமெண்டுக்கு வேணும்னா இது இருக்கட்டும். அவங்களுக்கு எது நெசம்னு தெரியவா போவுது?"

வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டு, பதிவேடு மிகவும் ஒழுங்காகப் பராமரிக்கப்படுவதாக ஒரு பாராட்டும் எழுதிவிட்டு டோலியில் ஏறினார். அவர் இறங்கிப் போனதும் பாவாயி வந்தாள்.

"வாத்தியாரே, எம் பையனுக்கு என்னுங்க பேரு போட்டிருக்கீங்க?"

"நடேசன்."

"அத நான் சொல்லலாமுங்களா?"

"தாராளமாக."

உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு காட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"நடேசா! டேய், நடேசா!"

அவன் திரும்பவில்லை, அவனுக்கு அந்தப் பெயர் இன்னும் தெரியாதே. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பத்து வருஷமாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் கூப்பிட்டுத் தீர்ப்பவள்போல் கூப்பிட்டுக்கொண்டே பரணை நோக்கி நடந்தாள். சாயங்காலத்துக்குள் மற்ற ஐந்து அம்மாக்களும் வந்து தத்தம் பெயரைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கல்வி எவ்வளவோ மாறிவிட்டது என்கிறார்கள். நான் படித்த காலத்தில் பதிவேடு கிடையாது, பிள்ளைகள் இருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டும் இருந்தன. இப்போது பதிவேடு கட்டாயப் பாடம், பிள்ளைகள் விருப்பப் பாடம். அந்த மலைப்பள்ளிக்கு இன்று ஓட்டுக் கூரை. பத்து மணிக்கு மணி அடிக்கிறது. தினை விளையும் மாதத்தில் கடிகாரத்துக்கு மட்டும் பாடம் நடக்கிறது.

என் யுவ வருஷத்துப் பதிவேடு ஆபீஸில் பத்திரமாக இருக்கிறதாம். நேரம், இடம், ஆறு பெயர்கள், எல்லாம் பொய். என் முப்பத்தொரு வருஷப் பணியில் ஒரு குறையும் சொல்லப்படாத பதிவேடு அதுதான்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. பதிவேட்டை மேலே இருப்பவர்கள் கேட்கிறபடியே எழுதுங்கள், வேறு வழியில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பெயரை மையில் எழுதுமுன், அந்தப் பெயரை அவன் அம்மாவால் வாய்விட்டுக் கூப்பிட முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.